வந்தது, ஒட்டினது

முந்தி அந்தப் பெட்டியில
தண்ணி வரித் துண்டுகள் கிடந்தது.
தவிசாளர் அதில ஒரு வாய் வெட்டச் சொன்னார்.
“சனம் சொல்லட்டும்” எண்டார்.
கொடிகாமம் சந்தையில
சனம் சொல்லாமல் இருந்தது எப்ப எண்டு
நான் கேக்கேல்லை.
பூட்டு வாங்கின பற்றுச்சீட்டு என்ர கோவையில,
திறப்பு என்ர கைப்பையில.

கண்ணாடிப் பலகையைத்
தேங்காய் ஏலக் கொட்டிலுக்கும் மீன் பக்கத்துக்கும் நடுவில மாட்டினம்.
மேல மூண்டு விதி, சிவப்புப் பெயின்ற்றில:
பேர் சொல்லி ஏசப்படாது.
தூஷணம் எழுதப்படாது.
சந்தை விசயம் மட்டும்.
கீறின பெடியன் விசயத்தில ‘ய’வை விட்டிட்டான்,
பேந்து இடுக்கில செருகினான்.

முதல் கிழமை
மாங்கொட்டை ஒண்டு,
பருத்தித்துறை பஸ் ரிக்கற் மூண்டு,
“கமலினி, திங்கள் ரியூசனுக்கு வா”
(ஆற்றை கமலினியோ),
“கக்கூசுக்குக் கதவு போடுங்கோ” எண்டு பத்து,
பத்தும் வேற வேற கையெழுத்து.
கதவு வந்தது.
அதுக்குப் பிறகுதான் சனம் பெட்டியை நம்பிச்சுது.
நம்பினவுடன
நெஞ்சுக்குள்ள கிடந்த எல்லாத்தையும் கொண்டுவந்து போட்டுது.

வியாழன் பின்னேரம் மேசையில கொட்டி வாசிப்பன்.
தராசுக்கு அடியில புளி ஒட்டினவன்,
ஏலத்தில கொமிசன் அடிக்கிறவன்,
ஆற்றையோ பெண்சாதி ஆரோடயோ கதைச்ச கதை.
பேரைக் கறுப்புப் பேனையால மூடி ஒட்டிப் பாத்தன்.
விடிய வெயிலுக்குள்ள நிண்டு
கறுப்புக்குக் கீழ எத்தனை எழுத்தெண்டு எண்ணிச்சினம்.
பேரை வெட்டி எடுத்திட்டு ஒட்டினன்.
ஓட்டையை அளந்திச்சினம்.

பேந்து அந்தத் துண்டு வந்தது.
கோடு போட்ட தாள், நேரான எழுத்து,
“அன்புடன் வேண்டிக்கொள்கிறோம்” எண்டு முடியுது.
மீன் பக்கத்து ஆட்கள்
காய்கறிப் பக்கத்துப் பைப்பில் கை கழுவாமல் இருந்தால் நல்லது.

பேரில்லை.
தூஷணமில்லை.
சந்தை விசயம்.
மூண்டு விதியையும் திரும்பத் திரும்ப வாசிச்சன்,
ஒண்டுகூட எனக்குக் கைகுடுக்கேல்லை.
கிழிச்சன்.

வால் சுருண்ட அந்த ‘ழ’வை எனக்குத் தெரியும்.
கடை வாடகைப் புத்தகத்தில மாதாமாதம் பாக்கிறனான்.
முருங்கைக்காய் நவரத்தினராசா.
நான் போனால் எப்பவும்
ரெண்டு காய் கூடப் போடுறவர்.

அடுத்த கிழமை எனக்கே ஒண்டு:
“கிழிக்கிறவ ஆர்? அவவுக்கு ஆர் சொன்னது?”
ஒட்டினன்.
அதுக்கு மற்றக் கிழமை, பென்சிலால,
நடுங்கின எழுத்தில:
“கிழிச்சது எத்தனை எண்டெண்டாலும் போடுங்கோ பிள்ளை.”
அது நியாயமாப் பட்டது.

இப்ப ஒவ்வொரு வெள்ளியும் பலகை மூலையில எழுதிறன்.
வந்தது 41. ஒட்டினது 17. கிழிச்சது 24.
கீழ, சா. வதனாம்பிகை.
அந்தக் கண்ணாடிக்குள்ள
முழுசாக் கிடக்கிற பேர்
அது ஒண்டுதான்.

“இந்தமுறை இருவத்திநாலோ,”
தராசைப் பாத்தபடி நவரத்தினராசா கேட்டார்.
“ஓம்.”
ரெண்டு காய் கூடப் போட்டார்.
எடுத்துத் திருப்பிக் குவியலுக்குள்ள வைச்சன்.
முள்ளு ஆடி நிக்குமட்டும்
ரெண்டு பேரும் அதையே பாத்துக்கொண்டு நிண்டம்.

மீன் பக்கத்தால ஒரு பெடியன்,
முழங்கை வரைக்கும் செதில்,
பைப்படிக்கு வந்தான்.
கழுவினான். முகத்துக்கும் அடிச்சான்.
வடிவாப் பூட்டாமல் போட்டான்.
சொட்டுச் சொட்டாத் தண்ணி விழுந்துகொண்டிருந்தது.
நவரத்தினராசா அதைப் பாத்தார்,
பிறகு என்னைப் பாத்தார்.
நான் காசை எண்ணிக் குடுத்தன்.